சீட்டில் வந்த புருஷன்

"ஐயோ... அழறீங்களா?"

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டால் மனிதர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். அவள் கேட்டது இதை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய நனைந்த குடை அவன் சட்டையை ஒரே நொடியில் துவைத்துப் போட்டிருந்தது. அவனோ நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றான். கண்கள் இரண்டும் சிவந்து, ஓரத்தில் நீர் கோத்து...

"இல்லங்க. குளோரின்."

"என்னது?"

"நீச்சல் குளத்துல வேலைங்க. நாள் பூரா பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறேன். சாயங்காலமானா கண்ணு இப்படித்தான் இருக்கும். பாக்கறவங்க எல்லாம் பாவம்னு வழி விடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் குடையால குத்திட்டு விசாரிக்கறீங்க."

"நான் ஒண்ணும் வேணும்னு குத்தல. படிக்கட்டு நடுவுல நின்னது யாரு?"

"நிக்கலைங்க, ஏறிட்டிருந்தேன்."

"ஏறுறவர் ஓரமா ஏறணும்."

அவன் சிரித்தான். அந்தச் சிவந்த கண்கள் சிரித்தபோது... அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து ஊரார் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூக்கில் ஃபிரேமை மாட்டி, குட்டி ஸ்கேலை வைத்து, ஒரு கருவிழிக்கும் அடுத்ததற்கும் இடையே அளந்து... கண் என்றால் அவளுக்கு வேலை, அவ்வளவுதான். இந்தக் கண்களை மட்டும் அளக்கத் தோன்றவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. அடி அசடே, என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு படியேறினாள்.

அவனும் பின்னாலேயே வந்தான். அவள் நுழைந்த அறைக்குள்ளேயே நுழைந்தான். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில்தான் ஸ்பானிஷ் வகுப்பு. அன்று முதல் நாள்.

அவன் வந்தது அண்ணன் மகளுக்காக. அண்ணி ஸ்பானிஷ் பேசும் நாட்டுக்காரி. குழந்தை போனில் என்னென்னவோ கொஞ்சுகிறதாம், சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லையாம். அவள் வந்தது பெரியம்மாவுக்குப் பயந்து. பெரியம்மா தினமும் அந்த நேரத்தில்தான் போனில் மாப்பிள்ளை போட்டோக்களோடு வீட்டில் வந்து உட்காருவாள். போட்டோ பார்ப்பதற்குப் பதிலாக எந்த மொழி வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அவள் கிளம்பிவிட்டாள்.

டீச்சர் குண்டாக, ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு, அறை அதிரச் சிரிக்கிறவர். போர்டில் பெரிதாக எழுதினார். சொல்தேரா என்றால் கல்யாணம் ஆகாதவள். கசாதா, கல்யாணம் ஆனவள். திவோர்சியாதா, விவாகரத்து ஆனவள். வியூதா, கணவனை இழந்தவள். ஆண் என்றால் கடைசியில் ஓ போட்டு, சொல்தேரோ, கசாதோ...

"இப்ப யாரும் உண்மையைச் சொல்லக் கூடாது!" என்றார். "உண்மை சொன்னா நாலு வார்த்தையில முடிஞ்சுபோகும். பொய் சொன்னாத்தான் பேச வேண்டியிருக்கும், பேசினாத்தான் பாஷை வரும். இந்த டப்பாவுல சீட்டு இருக்கு. எது வருதோ அதுதான் கடைசி வகுப்பு வரைக்கும் உங்க வாழ்க்கை. உண்மையைக் கடைசி நாள் சொல்லுங்க, போதும். அப்புறம், இந்த அறைக்குள்ள தமிழ் பேசினா தண்டனை உண்டு. எல்லார் டீ கப்பையும் கழுவணும்."

ரயில்வேயில் ஓய்வு பெற்ற சாருக்குத் திவோர்சியாதோ வந்தது. லாட்டரி விழுந்தவரைப் போல மகிழ்ந்துபோனார். அவளுக்கு வந்தது சொல்தேரா. பொய் சொல்லச் சொன்னால் டப்பாவிலிருந்து நிஜமே வந்து விழுகிறதே, என்று நொந்துகொண்டாள். நீச்சல் மாஸ்டர் சீட்டைப் பிரித்தான். கசாதோ. ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரிக்கு வந்தது கசாதா.

"ஆகா, ஜோடி கிடைச்சாச்சு!" என்று கை தட்டினார் டீச்சர். "ரெண்டு பேரும் பக்கத்துல உக்காருங்க. இனிமே நீங்க புருஷன் பொண்டாட்டி."

இவளுக்கு எங்கோ சுருக்கென்றது. படிக்கட்டில் முட்டியவள் நான்... குடையால் குத்தியவள் நான்... பக்கத்தில் உட்காருவது அவளா?

மருந்துக்கடைக்காரி அழகிதான். அதை ஒப்புக்கொள்ளவே இவளுக்குச் சில வகுப்புகள் ஆயின. இவளைவிடக் கொஞ்சம் மூத்தவள். சத்தமே இல்லாமல் பேசுவாள். எல்லோரும் ஸ்பானிஷில் திக்கித் திணறியபோது அவள் மட்டும் கணவனைப் பற்றிப் பேசச் சொன்னால் போதும், கண்ணில் விளக்கு ஏற்றியது போலப் பேசுவாள். ஸ்பானிஷில் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் குழந்தை வாக்கியங்கள். ஆனால் அந்தக் குழந்தை வாக்கியங்கள் ஒவ்வொன்றும் இவள் வயிற்றில் போய் எரிந்தன.

"என் கணவர் நல்லவர். என் கணவர் சூப் செய்கிறார்."

சூப்பாம் சூப்பு.

"எங்கள் வீட்டில் நீலத் திரை இருக்கிறது. என் கணவர் வாங்கினார். எனக்கு நீலம் பிடிக்காது. இப்போது பிடிக்கும்."

மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பான். "சி, சி" என்பான். ஆமாம், ஆமாம். ஒருநாள்கூட மறுத்துப் பேசியதில்லை. நீலத் திரை என்றாலும் ஆமாம், சூப் என்றாலும் ஆமாம். என்ன மனுஷன் இவன், வாயில் கொழுக்கட்டையா, என்று இவள் பல்லைக் கடித்தாள். வெறும் காகிதப் புருஷன்டி, டப்பாவில் வந்த சீட்டுடி, என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொள்வாள். அடுத்த வகுப்பில் அவன் அந்த அம்மாளுக்குப் பேனா எடுத்துக் கொடுப்பான். சொன்னதெல்லாம் காற்றில் போய்விடும்.

ஒரு நன்மையும் நடந்தது. அவள் பேசும் ஒரு சொல்லையும் விடக் கூடாது என்று இவள் அகராதியைக் கரைத்துக் குடித்தாள். கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தாள்... செபராதோ, பிரிந்தவன். திவோர்சியாதோ, விவாகரத்து ஆனவன். எல்லாம் அவனுக்கு ஆக வேண்டும் என்ற ஆசைதான். "இந்தப் பொண்ணு மாதிரி ஆர்வமா படிக்கணும்" என்று டீச்சர் புகழ்ந்தார். ஆர்வமா, எரிச்சலா என்று அவருக்கு என்ன தெரியும்?

நன்றாகப் பேசினாலும் இவளுக்கு வாய் சும்மா இருக்காது. அவர்களைப் பார்த்துப் பார்த்து "ஹூம்", "அடேயப்பா", "ரொம்பத்தான்" என்று தமிழ் வந்து விழுந்துவிடும். கப் கழுவப் பின்னாலிருந்த தொட்டிக்குப் போவாள். போய்க் குழாயைத் திறப்பதற்குள் அவனும் எதையாவது தமிழில் உளறி மாட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

"மறுபடியுமா?" என்பாள்.

"என்னங்க பண்றது, மண்டையில ஏற மாட்டேங்குது."

"பொண்டாட்டி சொல்லித் தர்றதில்லையா?"

"அவங்க சூப்ல பிஸிங்க."

சிரித்துவிடுவாள். கப்போடு கப் உரசும். நுரை அவன் முழங்கையில் வழியும். அந்தச் சிவந்த கண்கள் பக்கத்தில்... மழைச் சாரல் தொட்டிவரை வரும். அப்போதெல்லாம் கேட்டுவிடலாமா என்று நாக்கு துடிக்கும். சீட்டை விடுங்க... நிஜத்துல நீங்க யாரு? கசாதோவா? கேட்க மாட்டாள். டீச்சரின் விதி ஒரு பக்கம். அவன் "ஆமாங்க, கசாதோதான்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு பக்கம்.

வீட்டில் பெரியம்மா ஒரு போட்டோவை நீட்டி, "இவருக்கு என்னடி குறைச்சல்?" என்று கேட்டாள். கண் சிவப்பாக இல்லையே பெரியம்மா, என்று எப்படிச் சொல்வது?

இப்படியே போயிருந்தால் வம்பில்லை. நடந்து முடிந்ததைச் சொல்வது எப்படி என்று டீச்சர் கற்றுக்கொடுத்தார். எல்லோரும் எழுந்து, வகுப்பில் இன்னொருவரைப் பற்றி நேற்றைய செய்தி ஒன்று சொல்ல வேண்டும். ரயில்வே சார் இவள் பெரிய பணக்காரனோடு படகில் போனதாகச் சொன்னார். சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரி எழுந்தாள்.

"நேற்று எனக்குக் காய்ச்சல். என் கணவர் முழு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்தார்."

சொல்லிவிட்டு மாஸ்டரைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவனும் மெல்லப் புன்னகைத்தான்.

கை! இவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அடுத்து இவள் முறை. எழுந்தபோது என்ன சொல்லப்போகிறோம் என்று இவளுக்கே தெரியாது. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"நேற்றுப் பெரிய மழை. இவருடைய கணவர் ஆற்றுக்குப் போனார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆகவே செத்துப்போனார். கதை முடிந்தது. இனிமேல் இவர் கசாதா இல்லை. வியூதா!"

நீச்சல் மாஸ்டருக்கு நீச்சல் தெரியாதாம்! அறையே குலுங்கியது. ரயில்வே சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். இவளும் வெற்றியோடு உட்கார்ந்தாள்... அப்போதுதான் பார்த்தாள்.

மருந்துக்கடைக்காரி சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. எழுந்து, காலி கப்புகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வெளியே போனாள். ஒரு தமிழ் வார்த்தைகூடப் பேசாதவள் எதற்காகக் கப் கழுவப் போகிறாள்? குழாயின் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. டீச்சரின் சிரிப்பு அடங்கியது. மாஸ்டர் எழுந்து பின்னாலேயே ஓடினான்.

ஓடுகிறானே! அந்த நிலையிலும் இவளுக்குத் தோன்றியது அதுதான்.

வகுப்பு முடிந்து இறங்கும்போது, அவர்கள் முதலில் முட்டிக்கொண்ட அதே திருப்பத்தில் அவன் நின்றிருந்தான்.

"என்னைத் தண்ணியில சாகடிச்சீங்க, அது பரவால்லங்க. அவங்களை எதுக்கு..." என்று நிறுத்தினான். "அவங்களுக்கு நிஜமாவே அதுதான். வீட்டுக்காரர் தவறிப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகுது. நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா நீங்க தெரிஞ்சுக்கணும்."

அவள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டான். பொறாமைதாங்க, என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இந்தப் பாழாய்ப்போன ரோஷம் விட்டால்தானே!

"விளையாட்டுதானே? சீட்டுல வந்த புருஷன்தானே! எனக்கென்ன வந்துச்சு?"

அவன் ஒரு படி இறங்கினான்.

"ஆமாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு..." என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். அவள் கையில் குடை இருந்தது. கூப்பிடவில்லை.

அடுத்த வகுப்புக்கு அவள் போகவில்லை. கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பொறாமையாவது போய்த் தொலைந்ததா என்றால், அதுவும் இல்லை. இப்போதுதான் இன்னும் கொழுந்துவிட்டது. அழகான பெண், தனியாக இருக்கிறாள். இரக்கமுள்ள மனுஷன், கூடவே ஓடுகிறான். காகிதத்தில் தொடங்கியது நிஜமாக எவ்வளவு நேரமாகும்? இதில் வயிறெரியக்கூட எனக்கு யோக்கியதை இல்லையே... என்று நினைத்து நினைத்து அழுதாள். கடைசியில், அழுது என்ன ஆகப்போகிறது, முதலில் செய்ய வேண்டியதைச் செய், என்று முகத்தைக் கழுவிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள்.

கூட்டமாக இருந்தது. வரிசையில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவள், முறை வந்ததும் கேட்டது வேறு.

"தலைவலி மாத்திரை."

"தலைவலிக்கா? மனசுவலிக்கா?" என்றாள் மருந்துக்கடைக்காரி. கவுன்டரைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டு, மருந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த உள்ளறைக்கு அவளைக் கூட்டிப்போனாள். இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டு, தானும் உட்கார்ந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா நாக்கை அறுத்துப் போட்டிருப்பேன்..."

அக்கா என்று தன்னையறியாமல் வந்துவிட்டது. வந்தபின் வேறெப்படியும் கூப்பிடத் தோன்றவில்லை.

"அறுத்துப் போட்டா ஸ்பானிஷ் எப்படிப் பேசுவே?" என்றாள் அக்கா. சிரித்தாள், கண் கலங்கியது. "நான் உன் மேல கோவப்படலைம்மா. அந்த வார்த்தையை இதுவரைக்கும் என் முகத்துக்கு நேரா யாரும் சொன்னதில்ல. எல்லாரும் முதுகுக்குப் பின்னாடிதான் சொல்வாங்க. திடீர்னு கேட்டதும் தாங்கல."

"நான் பொறாமையிலதான் சொன்னேன்க்கா." இவ்வளவு நாள் அடைத்திருந்தது உடைந்துகொண்டு வந்தது. "நீங்க அவர் சூப் செய்றார்னு சொன்ன அன்னையிலேருந்து எனக்கு வயிறு எரியுது. நீலத் திரைன்னு சொன்னீங்க, அந்தக் கலர் துணியே நான் உடுத்தறதில்ல. கையைப் பிடிச்சார்னு சொன்னதும்..."

அக்கா அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"அசடு... அந்த சூப் மாஸ்டர் செஞ்சது இல்ல. என் வீட்டுக்காரர் செஞ்சது. நீலத் திரை அவர் வாங்கினது. காய்ச்சல்ல பக்கத்துலயே உக்காந்தது அவர்தான். பொய் சொல்லுங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நான் சொன்னதுல ஒரே ஒரு பொய்தான் இருந்துச்சு. இருந்தார்னு சொல்ல வேண்டியதை இருக்கார்னு சொன்னேன். அவ்வளவுதான். அந்த அறையில மட்டும் கொஞ்ச நேரம் அவர் இருந்தார்."

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது வகுப்புலயே மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். வேற சீட்டு வாங்கிக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம், நீங்க சொல்லுங்க, நான் தலையாட்டறேன்னார். அதான் ஆட்டிட்டே இருந்தார்."

செத்துப்போன ஒரு மனிதர் வைத்த சூப்புக்காக இத்தனை நாள் எரிந்திருக்கிறாள்! அவமானமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அவர்... நிஜத்துல கசாதோவாக்கா?"

"எனக்குத் தெரியாது. என் கதையைத்தான் சொன்னேன், அவர் கதையைக் கேக்கல. கடைசி வகுப்புக்கு வா, தானா தெரியும்." அக்கா எழுந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அவருக்கு ஸ்பானிஷ் நல்லாவே வரும். நீ தமிழ் பேசி மாட்டின அப்புறம்தான் அவரும் மாட்டுவார். நீ கண்ணாடிக் கடையில இருந்து என்ன பிரயோஜனம், கண்ணுக்கு முன்னாடி நடந்தது தெரியலையே!"

கடைசி வகுப்பு அன்று மழை விடவே இல்லை. அவள் குடையை ஓரமாகப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே படியேறினாள். அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் கீழே சைக்கிள் கடை வரை கேட்டிருக்கும்.

"இன்னைக்குப் பொய் கிடையாது," என்றார் டீச்சர். "எழுந்து நின்னு, உண்மையைச் சொல்லிட்டுச் சீட்டை டப்பாவுல போட்டுடுங்க. ஸ்பானிஷ்ல!"

ரயில்வே சார் பெருமூச்சு விட்டபடி எழுந்தார். "கசாதோ. மிக நீண்ட காலமாக." சீட்டைப் பிரிய மனமில்லாமல் பிரிந்தார்.

அக்கா எழுந்தாள்.

"நான் வியூதா," என்றாள். குரல் நடுங்கவில்லை. "என் கணவர் சூப் செய்தார். நல்ல சூப்." சீட்டை அவள் டப்பாவில் போடவில்லை. டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார். அக்கா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்து அவன். அவள் தரையைப் பார்த்தாள்... ஜன்னலைப் பார்த்தாள்... அவனை மட்டும் பார்க்கவில்லை.

"சொல்தேரோ," என்றான்.

அவள் தலை தானாக நிமிர்ந்தது. ஆனால் அதனால் என்ன? கல்யாணம் ஆகாதவன், சரி. தன்மேல் கோபமில்லாதவனா? எனக்கென்ன வந்துச்சு என்று கேட்டுவிட்டு நின்றவள்தானே இவள்! இன்றைக்கும் ரோஷத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்தக் கதவு சாத்திக்கொண்டுவிடும். நாளையிலிருந்து இந்த அறை இல்லை, தொட்டி இல்லை, கப் இல்லை.

எழுந்தாள்.

"சொல்தேரா," என்றாள். உட்காரவில்லை. "இ செலோசா."

டீச்சர் புருவத்தைத் தூக்கினார். இ என்றால் 'அப்புறம்', செலோசா என்றால் பொறாமைக்காரி. "இதை நான் போர்டுல எழுதலையே?"

"நானே படித்தேன், டீச்சர்." ஸ்பானிஷில்தான் சொன்னாள். குழந்தை வாக்கியங்கள்தான் அவளிடமும் இருந்தன. "நீலத் திரை, எனக்குப் பொறாமை. சூப், எனக்குப் பொறாமை. ஆகவே நான் ஒரு நல்ல மனிதரை ஆற்றில் கொன்றேன். நான் தவறு செய்தேன். அவர் சாகக் கூடாது. எனக்கு அவர் வேண்டும்."

அவன் எழுந்து நின்றான். அண்ணன் மகளுக்காகப் படித்த ஸ்பானிஷ் எல்லாம் எங்கே போயிற்றோ...

"நான் சூப் வைக்கக் கத்துக்கறேங்க," என்றான்.

"தமிழ்!" என்று கத்தினார் ரயில்வே சார்.

"உப்பு பாத்துப் போடுங்க," என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் தமிழ்!" டீச்சர் மேசையைத் தட்டினார். "போங்க. எல்லா கப்பையும் கழுவிட்டு வாங்க. மெதுவா கழுவினாப் போதும்."

பின்னால் தொட்டியில் மழைச் சாரல் அடித்தது. அவன் குழாயைத் திறந்தான். கப் எதையும் எடுக்கவில்லை. அவள் முகத்தைக் குனிந்து பார்த்தான்.

"கண்ணு செவந்திருக்கே. அழறீங்களா?"

"இல்லங்க. குளோரின்."

"பொய் சொல்ற வகுப்பு முடிஞ்சுபோச்சுங்க."

அவள் ஒரு கப்பை எடுத்தாள், வைத்தாள். "சரி... அழறேன். உங்களாலதான். எனக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டீங்கல்ல? உங்க மேல ஆசை வந்துச்சு. போதுமா?"

"போதாதுங்க," என்றான் அவன். "எனக்குக் குடை குத்தின அன்னைக்கே வந்துடுச்சு. இவ்வளவு நாள் கப் கழுவியிருக்கேன்."

உள்ளே கை தட்டல் கேட்டது. ஜன்னல் வழியாக வகுப்பு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது, அக்கா முன்வரிசையில். அவள் வெட்கத்தில் அவன் தோளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.